கார் எஞ்சின் நின்றுபோதலும் சீரற்ற ஓட்டமும்

எஞ்சின் நின்றுபோதல் என்பது, ஓட்டுநர் அணைக்காமலேயே கார் எஞ்சின் தானாக அணைந்துவிடும் கோளாறு ஆகும். எஞ்சின் அணையாமல், ஆனால் ஒரே சீராகச் சுழலாமல், குலுங்கியும் திணறியும் ஓடுவது சீரற்ற ஓட்டம் எனப்படும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இதனை 'மிஸ்ஸிங்' என்றும், 'வண்டி அடிக்கிறது' என்றும் கூறுவர். இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே காரணத்தின் இரு நிலைகளாகும். நான்கு சிலிண்டர்களுள் ஒன்று வேலை செய்யாவிடில் எஞ்சின் குலுங்கும். எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான ஒன்று தவறினால் நின்றுவிடும்.

இக்கோளாறு தனியொரு உறுப்பின் பெயரன்று. அது ஓர் அறிகுறியே. பிளக், பெட்ரோல் பம்ப், ஏர் பில்டர், வால்வு, உணரி, ஒரு சிறு ரப்பர் குழாய் என எதுவும் இதற்குக் காரணமாகலாம். எனவே காரணத்தைச் சோதித்துக் கண்டறியாமல் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது, இக்கோளாற்றில் பணம் வீணாவதற்கான முதன்மையான வழியாக இருந்துவருகிறது. இக்கட்டுரை பெட்ரோல் எஞ்சின்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடிய, ஓடும் கார்களிலிருந்து, சிறப்பாக விருதுநகர் மாவட்டத்தின் இராசபாளையம், திருவில்லிபுத்தூர், ஆலங்குளம் வட்டாரச் சூழலிலிருந்து தரப்படுகின்றன.

எஞ்சின் சீராக ஓடத் தேவையானவை

நான்கு வீச்சு பெட்ரோல் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுகளுக்கு ஒருமுறை எரிந்து விசை தருகிறது. நிலைவேகம், அதாவது ஐடிலிங், நிமிடத்துக்கு 800 சுற்று எனக் கொண்டால், ஒரு சிலிண்டரில் நிமிடத்துக்கு 400 எரிப்புகள் நிகழும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் இது நொடிக்கு ஏறத்தாழ 27 எரிப்புகளாகவும், மூன்று சிலிண்டர் எஞ்சினில் 20 எரிப்புகளாகவும் அமையும். இவ்வெரிப்புகள் ஒரே இடைவெளியில், ஒரே வலுவுடன் நிகழ்வதையே காது 'சீரான ஓட்டம்' என்று உணர்கிறது. மாருதி 800 காரில் ஒரு சிலிண்டர் செயலிழந்தால் அம்பாசடரைவிடக் குலுக்கல் மிகுதியாகத் தெரிவதற்குக் காரணம், மூன்றில் ஒரு பங்கு விசை ஒரேயடியாகப் போய்விடுவதுதான்.

ஒவ்வோர் எரிப்புக்கும் மூன்று தேவைகள் உள்ளன: சரியான விகிதத்தில் காற்றும் எரிபொருளும், உரிய நேரத்தில் வலுவான தீப்பொறி, கசிவில்லாத அமுக்கம். தூய பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் அதன் 14.7 மடங்கு காற்று தேவை. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை மெலிந்த கலவை. பெட்ரோல் மிகுந்தது செறிந்த கலவை. இரண்டுமே அளவு மீறினால் எரிப்புத் தவறும். ஆயினும் தடயங்கள் வேறானவை. செறிந்த கலவை கரும்புகையையும் பெட்ரோல் வாடையையும் கரிபடிந்த பிளக்கையும் விட்டுச்செல்லும். மெலிந்த கலவை புகை விடாது. திணறலும், நுழைகுழாய் வழியாகத் திரும்பி வெடிக்கும் ஓசையும்தான் அதன் அடையாளம்.

எப்போது நிற்கிறது?

கோளாறு எந்தச் சூழலில் தோன்றுகிறது என்பதே முதல் தடயம். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் பானட்டைத் திறக்குமுன் இதைக் கேட்டுவிடுவர். காலையில் குளிர்ந்த நிலையில் மட்டும் திணறி, சூடானதும் சரியாகும் கார், குளிர்நிலைக்கு வேண்டிய கூடுதல் பெட்ரோலைப் பெறவில்லை என்று பொருள். பழைய கார்களில் இது சோக் இயங்காமையைக் குறிக்கும். மின்னணுக் கட்டுப்பாடு உள்ளவற்றில் குளிர்விப்பு நீரின் வெப்பத்தை அறியும் உணரி ஐயத்துக்கு உரியது. நிலைவேகத்தில் மட்டும் குலுங்கி, வேகமெடுத்ததும் சரியாகிவிடுமானால் காற்றுக் கசிவையோ, திராட்டில் பகுதியில் படிந்த கரியையோ தேட வேண்டும். இதற்கு மாறாக நிலைவேகத்தில் நன்றாக இருந்து, மேட்டில் ஏறும்போதும் முந்தும்போதும் மட்டும் திணறுவது பெட்ரோல் போதாமையையோ, சுமையின்கீழ் வலுவிழக்கும் தீப்பொறியையோ காட்டும். சுமை மிகுந்தால் சிலிண்டரினுள் அழுத்தம் கூடும். கூடிய அழுத்தத்தில் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட அதிக மின்னழுத்தம் தேவைப்படும். வெடித்த பிளக் ஒயரும் தளர்ந்த காயிலும் அப்போதுதான் அம்பலமாகும்.

குளிர்சாதனத்தைப் போட்டவுடன் அணையும் கார், மழைக்குப் பின் மட்டும் குலுங்கும் கார் ஆகியவையும் இவ்வாறே தத்தம் காரணத்தைத் தாமே சுட்டும். முன்னதில் நிலைவேகக் காற்றைக் கூட்டிக் கொடுக்கும் அமைப்பு செயல்படவில்லை. பின்னதில் உயர் மின்னழுத்தம் ஈரத்தின் வழியே கசிகிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு எஞ்சினைப் பார்த்தால் ஒயர்களில் நீலநிறப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

சூடானால் நின்று, ஆறினால் கிளம்பும் கார்

நின்றுபோகும் கோளாறுகளில் மிகவும் ஏமாற்றக்கூடியது இதுவே. கார் ஒரு மணிநேரம் நன்றாக ஓடும், பின் நிற்கும். இருபது நிமிடம் கழித்துக் கிளம்பிவிடும். பட்டறைக்கு வந்து சேரும்போது எந்தக் குறையும் தென்படாது.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்களில் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டிப் பொருத்தப்பட்டு, எஞ்சினின் சுழற்சியாலேயே இயங்கியது. கோடைக்காலத்தில், சிறப்பாக மலைப்பாதையில் மெதுவாக ஏறும்போது, பம்பிலும் குழாயிலும் உள்ள பெட்ரோல் கொதித்து ஆவியாகும். பம்ப் நீர்மத்தைத் தள்ளவல்லது, ஆவியைத் தள்ளாது. இதற்கு ஆவியடைப்பு என்று பெயர். திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வழியாகச் செங்கோட்டையைக் கடந்து ஆரியங்காவு கணவாய் ஏறும் சாலை, இன்றைய தேசிய நெடுஞ்சாலை 744, அக்காலக் கார்களுக்கு இவ்வகைச் சோதனையைத் தரும் பாதைகளுள் ஒன்று. பம்பின்மேல் ஈரத்துணி சுற்றி ஓட்டுவது அக்கால ஓட்டுநர்களின் பரவலான வழக்கம்.

ஆனால் வெப்பத்தால் தவறுவது பம்ப் மட்டுமன்று. தீப்பொறிக் காயிலின் உட்சுருள் சூடேறி விரிந்து தொடர்பு அறும். ஆறியதும் மீண்டும் சேரும். பாயிண்டுடன் இணைந்த கண்டன்சரும் அவ்வாறே. 2000-க்குப் பிந்தைய கார்களில் இதே நாடகத்தைக் கிராங்க் நிலை உணரி நடத்துகிறது. பெட்ரோல் தொட்டியின் மூடியில் காற்றுப்புகும் துளை அடைபட்டால், தொட்டியினுள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வரத்து நிற்கும். காத்திருக்கும் நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து புக, கார் கிளம்பும். ஆக, முற்றிலும் வேறான நான்கைந்து காரணங்கள் ஒரே முகத்தைக் காட்டுகின்றன.

எனவே இருபது நிமிடம் காத்திருந்து கார் கிளம்பியது என்பது எதையும் மெய்ப்பிப்பதில்லை. அந்நேரத்தில் எல்லா உறுப்புகளும் ஒன்றாகவே ஆறிவிடுகின்றன. ஏதேனும் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால்தான் அது சான்றாகும். நின்ற அந்த நிமிடத்தில், பாதுகாப்பாக ஓரங்கட்டிய பின், முதலில் தொட்டி மூடியைத் திறக்க வேண்டும். காற்று 'உஸ்' என்று பலமாக உட்புகும் ஓசை கேட்டு, உடனே எஞ்சின் கிளம்புமானால் அடைப்பு மூடியில்தான். இல்லையெனில், பழைய கார்களில் ஈரத்துணியைப் பம்பின்மேல் மட்டும் போட்டு ஓரிரு நிமிடத்தில் முயல வேண்டும். மற்றவை சூடாகவே இருக்க, பம்ப் மட்டும் ஆறிக் கார் கிளம்பினால் ஆவியடைப்பு உறுதி. அப்போதும் கிளம்பாவிடில் தீப்பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குப் பழைய பிளக் ஒன்றை ஒயரில் பொருத்தி, அதன் உடலை எஞ்சினின் உலோகத்தோடு அழுத்தி வைத்து எஞ்சினைச் சுழற்றுவர். இதனைப் பெட்ரோல் சிந்திய இடத்தில் செய்யக்கூடாது. புதிய கார்களில் எஞ்சினைச் சுழற்றும்போது சுற்றுமானியின் முள் சிறிதும் அசையாமல் இருப்பது, கிராங்க் உணரியை ஐயுறுவதற்கு நல்ல காரணம். எல்லா மாதிரிகளிலும் இது பொருந்தாது. ஆறவைத்துப் பட்டறைக்குக் கொண்டுசென்றால் இச்சான்றுகள் அனைத்தும் மறைந்துவிடும்.

பாயிண்ட் காலமும் எம்பிஎப்ஐ காலமும்

தமிழ்நாட்டில் தானுந்துப் பராமரிப்புத் தொழில் வளர்ந்த வரலாற்றோடு இக்கோளாறும் பிணைந்துள்ளது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, மதுரையின் டி. வி. சுந்தரம் அய்யங்கார் நிறுவனம் மரக்கரியிலிருந்து எரிவாயு பெறும் கருவியைச் செய்து வண்டிகளுக்குப் பொருத்தியது. கரிவாயு பெட்ரோலைவிட வலுக்குறைந்தது. சாம்பலும் தாரும் வடிகட்டப்படாவிட்டால் வால்வுகள் ஒட்டிக்கொள்ளும். எரிபொருள் மாறும்போது எஞ்சினின் ஓட்டமும் கெடும் என்பதற்கு இது ஒரு பழைய எடுத்துக்காட்டு.

விடுதலைக்குப் பின் பெங்களூரில் 1951-இல் மைக்கோ நிறுவனமும், சென்னை பாடியில் 1961-இல் லூகாஸ் டிவிஎஸ் நிறுவனமும் தொடங்கப்பட்டன. பிளக், டிஸ்ட்ரிபியூட்டர், காயில் ஆகியவை உள்நாட்டிலேயே கிடைத்தன. மைக்கோ 2008-இல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாற்றம் பெற்றது. ஆயினும் 'மைக்கோ பிளக்' என்ற வழக்கு பட்டறைகளில் நீடித்தது. அக்காலத்தில் சீரற்ற ஓட்டத்துக்கு முதல் மருந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்ட்டைத் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்வதே. அம்பாசடரில் இருந்த பிஎம்சி வகை 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினுக்கு அவ்விடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை. அளவுத்தகடு இல்லாதவர்கள் கையில் கிடைத்த அட்டையை வைத்து அளந்ததும் உண்டு. பாயிண்ட் தேயத் தேய இடைவெளி மாறும். இடைவெளி மாறினால் தீப்பொறியின் நேரமும் மாறும். பாயிண்ட் அடிக்கடி கருகுமானால் குறை பாயிண்ட்டில் இல்லை, கண்டன்சரில் உள்ளது. இதை அறியாமல் பாயிண்ட்டை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தவர்கள் பலர்.

ஒயர்களை வரிசை மாற்றிப் பொருத்துவதும் சீரற்ற ஓட்டத்துக்கு ஒரு காரணம். அம்பாசடரின் எரிப்பு வரிசை 1-3-4-2. மாருதி 800-இன் வரிசை 1-3-2. பிளக் மாற்றிய அன்றே கார் குலுங்கத் தொடங்கினால் முதலில் பார்க்க வேண்டியது இதுவே.

1983 திசம்பரில் வெளிவந்த மாருதி 800 நெடுங்காலம் கார்புரேட்டருடன் ஓடியது. மாசுக் கட்டுப்பாட்டு நெறிகள் கடுமையானதால் 2000-ஆம் ஆண்டையொட்டி இந்தியக் கார்கள் எம்பிஎப்ஐ எனப்படும் பலமுனை எரிபொருள் பீச்சு முறைக்கு மாறின. அதன்பின் கலவையைக் கணினி கணக்கிடுகிறது. சோக்கும் பாயிண்ட்டும் மறைந்தன. அவற்றின் இடத்தில் உணரிகளும், சில ஆண்டுகளில் அவற்றின் கோளாறுகளும் வந்துசேர்ந்தன.

செயலிழந்த சிலிண்டரைக் கண்டறிதல்

குலுங்கும் எஞ்சினில் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிவது அடுத்த படி. எஞ்சின் ஓடும்போது பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது பழைய முறை. நல்ல சிலிண்டரின் ஒயரை எடுத்தால் ஓட்டம் இன்னும் மோசமாகும். செயலிழந்த சிலிண்டரின் ஒயரை எடுத்தால் எந்த மாற்றமும் இராது. மின்னணுத் தீமூட்டு அமைப்புள்ள கார்களில் இம்முறை தவிர்க்கப்பட வேண்டும். பல்லாயிரம் வோல்ட் கையில் பாயும். ஒயர் தொங்கும்போது மின்சுற்று பழுதாகலாம். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கிக்குச் சென்று அங்கு எரிந்து அதனை உருக்கிவிடும். இவ்வகைக் கார்களில் பீச்சானின் மின்னிணைப்பைத் துண்டித்து இதே சோதனையைச் செய்வது பாதுகாப்பானது.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள கார்களில் செலவே இல்லாத ஒரு சோதனை உண்டு. ஐயத்துக்குரிய சிலிண்டரின் காயிலையும் அடுத்த சிலிண்டரின் காயிலையும் இடம்மாற்ற வேண்டும். கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறினால் காயில் பழுது. பழைய இடத்திலேயே நின்றால் காயில் நல்லது. பிளக்கையும், அடுத்துப் பீச்சானையும் இவ்வாறே மாற்றிப் பார்க்கலாம். மூன்றுக்கும் கோளாறு இடம் மாறவில்லை எனில் அமுக்கத்தைச் சோதிப்பது தவிர வேறு வழியில்லை.

கழற்றிய பிளக்கின் முகத்தைப் படிப்பது தனிக்கலை. இளம்பழுப்பு நிறம் நல்ல எரிப்பைக் காட்டும். உலர்ந்த கரி செறிந்த கலவையையும், எண்ணெய்ப் பிசுக்கு தேய்ந்த பிஸ்டன் வளையத்தையோ வால்வு அடைப்பையோ, வெளுத்துப் பொரிந்த முனை மெலிந்த கலவையையோ மிகுவெப்பத்தையோ குறிக்கும். நான்கு பிளக்குகளும் ஒரே மாதிரி இருந்தால் குறை பொதுவானது; ஒன்று மட்டும் வேறுபட்டால் குறை அந்தச் சிலிண்டருக்கு உரியது. ஒரு பிளக்கை மட்டும் பார்த்து முடிவு செய்பவர்கள் இந்த ஒப்பீட்டை இழந்துவிடுகின்றனர்.

காற்றுக் கசிவு

எஞ்சின் நிலைவேகத்தில் ஓடும்போது நுழைகுழாயினுள் வெற்றிடம் நிலவும். நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் இது பொதுவாக 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவில் இருக்கும். இவ்வெற்றிடத்தைப் பயன்படுத்தியே பிரேக் பூஸ்டர் முதலியன இயங்குகின்றன. அவற்றுக்குச் செல்லும் ரப்பர் குழாய்கள் வெயிலில் காய்ந்து வெடித்தால், அளக்கப்படாத காற்று உட்புகுந்து கலவையை மெலியச் செய்யும். நிலைவேகத்தில் எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்றே குறைவு என்பதால் சிறு கசிவும் அப்போது பெரிதாகத் தெரியும். வேகம் கூடும்போது அது மொத்தத்தில் கரைந்துவிடும். வெற்றிடமானியின் முள் நிலையாக ஆனால் தாழ்ந்து நிற்பது கசிவுக்கோ தீப்பொறி நேரம் பிந்துவதற்கோ அடையாளம். முள் ஒரே தாளத்தில் விழுந்து எழுவது வால்வு ஒன்று சரியாக மூடவில்லை என்பதற்கு அடையாளம். ஒரு சிறு மானி இவ்வளவு சொல்வதால், அது பல பட்டறைகளில் காணப்படாதது வியப்பே.

கசியும் இடத்தைக் காண நுழைகுழாயில் புகை செலுத்திப் பார்ப்பது சிறந்தது. குழாய் இணைப்புகளின்மேல் பெட்ரோலைத் தெளித்து ஓட்டம் மாறுகிறதா என்று பார்க்கும் வழக்கம் தீவிபத்துக்கு இடமளிப்பது. ஓடும் எஞ்சினில் ஐயத்துக்குரிய குழாயை விரலாலோ இடுக்கியாலோ நெரித்துப் பார்த்தாலே பல வேளைகளில் விடை கிடைத்துவிடும்.

எரிபொருள்: கலப்படமும் எத்தனாலும்

பெட்ரோல் நிரப்பிய சிறிது நேரத்தில் கார் குலுங்கத் தொடங்கினால் எரிபொருளை ஐயுறுவது இயல்பு. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எஞ்சினில் தட்டும் ஓசை எழும், கரி படியும். பெட்ரோல் நிலையங்களில் வடிதாள் சோதனையையும் அடர்த்திச் சோதனையையும் கேட்டுச் செய்துபார்க்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. வடிதாளில் விட்ட ஒரு துளி பெட்ரோல் கறையின்றி ஆவியாக வேண்டும். அடர்த்தி, அங்குப் பதியப்பட்ட அளவிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோகிராமுக்கு மேல் வேறுபடக்கூடாது.

எத்தனால் கலப்பு இதினும் வேறானது. அது கலப்படமன்று, அரசின் திட்டம். 2003-இல் சில மாநிலங்களில் 5 விழுக்காட்டுடன் தொடங்கிய இக்கலப்பு, 2022-இல் 10 விழுக்காட்டையும், 2025-இல் 20 விழுக்காட்டையும் எட்டியது. எத்தனாலுக்குத் தன்னுள்ளேயே ஆக்சிசன் இருப்பதால், 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் முழுமையாக எரிய எடையளவில் 13.5 மடங்கு காற்றே போதும். கணினியுள்ள கார், புகையிலுள்ள ஆக்சிசனை அளந்து, தன் எல்லைக்குள் பீச்சும் அளவைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டரின் ஜெட் துளை மாறாதது. எனவே தூய பெட்ரோலுக்கு அமைக்கப்பட்ட பழைய காரில், கன அளவைக் கணக்கில் கொண்டால், கலவை ஏறத்தாழ 7 விழுக்காடு மெலிந்துவிடும். முன்பே சற்று மெலிவாக அமைக்கப்பட்டிருந்த எஞ்சின், காலைநேரத்தில் திணறி நிற்பதற்கு இதுவே போதும். அவ்வெஞ்சினில் பிளக்கையும் காயிலையும் எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. கார்புரேட்டரின் கலவையைத்தான் சரிசெய்ய வேண்டும்.

எத்தனாலுக்கு நீரை ஈர்க்கும் இயல்பும் உண்டு. சிறு அளவு நீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். பம்ப் அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. மாதக்கணக்கில் கொட்டகையில் நிறுத்திவைத்த பழைய கார், எடுத்தவுடன் நிற்பதற்கும் ஓட மறுப்பதற்கும் இது ஒரு காரணம். தொட்டியின் அடியிலிருந்து சிறிது எரிபொருளைக் கண்ணாடிக் குப்பியில் வடித்து அசையாமல் வைத்தால் இரண்டு அடுக்குகளாகப் பிரிந்திருப்பது தெரியும். மேலும், பழைய தொட்டிகளில் படிந்துள்ள பிசினை எத்தனால் கரைத்துக் கொண்டுவந்து பில்டரை அடைக்கும். பழைய ரப்பர்க் குழாய்களை உப்பச் செய்யும். மேட்டில் ஏறும்போது மட்டும் பெட்ரோல் போதாமல் திணறும் பழைய காரில், பம்பை மாற்றுமுன் பில்டரைப் பார்ப்பது நலம்.

ஆலங்குளம் வட்டாரச் சூழல்

தமிழ்நாட்டில் ஆலங்குளம் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உள்ளன. தென்காசி மாவட்டத்தில் திருநெல்வேலி - தென்காசிச் சாலையில் உள்ள ஆலங்குளம் வேறு. இங்குக் குறிக்கப்படுவது விருதுநகர் மாவட்டத்தில், தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் ஆலை அமைந்த ஆலங்குளம் ஆகும். இவ்வாலை 1970-இல் தொடங்கப்பட்டது. சுண்ணாம்புக்கல், சிமெண்டு, லாரிப் போக்குவரத்து, மழையற்ற நீண்ட மாதங்கள் ஆகியவை சேர்ந்த இத்தகைய ஊர்களில் ஏர் பில்டர், கையேடு சொல்லும் கிலோமீட்டர் கணக்குக்கு முன்பே அடைத்துக்கொள்ளும். சிமெண்டுத் தூசிக்கு ஈரம் பட்டால் இறுகும் தன்மை உண்டு. மழைக்காலத் தொடக்கத்தில் அதைத் தட்டி எடுப்பது கடினம்.

அடைபட்ட ஏர் பில்டர் எல்லாக் கார்களிலும் ஒரே விளைவைத் தருவதில்லை. கார்புரேட்டர் காரில் அது சோக்கை இழுத்துவிட்டதுபோல் கலவையைச் செறியச் செய்து, கரும்புகையையும் குலுக்கலையும் தரும். எம்பிஎப்ஐ காரில் உள்வரும் காற்றைக் கணினி அறிந்து பெட்ரோலையும் குறைத்துவிடுவதால் குலுக்கல் பெரிதாகத் தோன்றாது. இழுவை மட்டும் குறையும். ஆகவே புதிய காரில் குலுக்கலுக்கு ஏர் பில்டரைக் காரணம் காட்டி மாற்றுவது பெரும்பாலும் பயனளிக்காது. இத்தகைய ஊர்களில் அதைவிட அஞ்சத்தக்கது, பில்டர் பெட்டி சரியாக மூடாமல் தூசி நேராக எஞ்சினுக்குள் செல்வதாகும். அது பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாள்போல் தேய்த்து, அமுக்கத்தையே குறைத்துவிடும். பில்டரைக் கழற்றியபின் அதன் பின்பக்கக் குழாயை விரலால் துடைத்துப் பார்த்தால், தூசி ஒட்டுகிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

ஸ்கேனரின் பயனும் எல்லையும்

இந்தியாவில் விற்கப்படும் புதிய கார்களுக்கு ஓபிடி எனப்படும் தன்-கண்டறி அமைப்பு 2010 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. ஸ்கேனரை இணைத்தால் கோளாறுக் குறியீடுகள் தெரியும். பி0300 என்பது பல சிலிண்டர்களில் தாறுமாறான எரிப்புத் தவறு. பி0301, பி0302 என்பவை முறையே முதல், இரண்டாம் சிலிண்டர்களின் தவறு. பி0171 என்பது கலவை மெலிந்துள்ளது என்ற அறிவிப்பு.

குறியீடு என்பது கணினி கண்ட நிகழ்வு, அது காரணமன்று. பி0171 வந்தவுடன் ஆக்சிசன் உணரியை மாற்றுவது பரவலான தவறு. கலவை மெலிந்துள்ளது என்று அந்த உணரி சரியாகவே சொல்லியிருக்கிறது. நற்செய்தி கொண்டுவராத தூதனைத் தண்டிப்பது போன்றது இது. ஸ்கேனரில் குறியீட்டைவிடப் பயனுள்ளது எரிபொருள் திருத்த அளவு. நிலைவேகத்தில் கணினி பெட்ரோலைப் பெரிதும் கூட்டியும், 2500 சுற்றில் அத்திருத்தம் தணிந்தும் காணப்பட்டால் காற்றுக் கசிவு. சுற்றும் சுமையும் கூடக்கூடத் திருத்தமும் கூடினால் பம்ப், பில்டர் வரத்துக் குறைவு. குறியீடு பதிந்த நொடியின் வேகம், வெப்பம், சுமை ஆகியவற்றை உறைநிலைப் பதிவாகக் கணினி வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றியோ குறியீட்டை அழித்தோ விளக்கை அணைப்பவர்கள் இப்பதிவையும் சேர்த்து அழித்துவிடுகின்றனர்.

எச்சரிக்கை விளக்கு நிலையாக எரிவதற்கும் மின்னி மின்னி எரிவதற்கும் வேறுபாடு உண்டு. பொதுவாக மின்னும் விளக்கு, வினையூக்கி கெடும் அளவுக்கு எரிப்புத் தவறுகிறது என்று பொருள்படும். அந்நிலையில் தொடர்ந்து ஓட்டினால் ஒரு பிளக்கோடு முடிய வேண்டிய செலவு வினையூக்கிவரை நீளும்.

அமுக்கச் சோதனை

பிற சோதனைகளில் விடை கிடைக்காதபோது எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, மானியைப் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்தி எஞ்சினைச் சுழற்றி அமுக்கம் அளக்கப்படுகிறது. மொத்த அளவைவிடச் சிலிண்டர்களுக்கு இடையேயான வேறுபாடே முக்கியம். ஒரு சிலிண்டரில் குறைவாக இருந்தால் அதனுள் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளப்பர். அளவு உயர்ந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்துள்ளது. உயராவிடில் வால்வு கசிகிறது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களிலும் ஒருசேரக் குறைந்திருப்பது, இடையே ஹெட் கேஸ்கட் எரிந்ததைக் காட்டும். ரேடியேட்டர் நீர் காரணமின்றிக் குறைந்து வந்திருந்தால் ஐயம் வலுப்படும். எல்பிஜிக்கு மாற்றப்பட்ட கார்களில் வால்வு இருக்கை தேய்ந்து வால்வு இடைவெளி சுருங்குவதும், சூடானபின் வால்வு முழுமையாக மூடாமல் குலுங்குவதும் உண்டு. உரிய காலத்தில் இடைவெளியைச் சரிசெய்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டிய நிலை வராது.

ஓடும்போது நின்றால்

எஞ்சின் நின்றவுடன் பிரேக் பூஸ்டரில் மிஞ்சிய வெற்றிடம் ஓரிரு அழுத்தங்களுக்கு மட்டுமே போதும். அதன்பின் பிரேக் வேலை செய்யும். ஆனால் மிகுந்த வலுவுடன் மிதிக்க வேண்டும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். எனவே பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே சீராக அழுத்தி ஓரங்கட்ட வேண்டும். கார் நகரும்போது சாவியை முழுவதும் திருப்பி எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்கக்கூடாது. செறிந்த கலவையில் ஓடும் எஞ்சின் கார்பன் மோனாக்சைடை மிகுதியாக வெளியிடும்; அதற்கு வாடையில்லை.

வெள்ளத்தில் நின்ற கார் மேற்சொன்ன எந்தச் சோதனைக்கும் உரியதன்று. 2015 திசம்பரில் சென்னையிலும், 2023 திசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வெள்ளம் சூழ்ந்தபோது ஏராளமான கார்கள் மூழ்கின. ஏர் பில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், அதைப் பிஸ்டனால் அமுக்க இயலாது. சாவியைத் திருப்பிய மறுநொடி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அத்தகைய காரில் பேட்டரி இணைப்பைக் கழற்றி, இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டுசென்று, பிளக்குகளைக் கழற்றி நீரை வெளியேற்றி, எண்ணெயில் நீர் கலந்துள்ளதா என்று பார்த்த பின்னரே எஞ்சினைக் கையால் சுழற்றிப் பார்க்கின்றனர்.